கட்டுரையின் அமைப்பைக் கற்பிக்க ஸ்டோரிவீவர் உதவுமா?

தமிழில் குழந்தைகளுக்கு இலவசமாக எங்கே நூல்கள் கிடைக்கும் என்று கேட்டால் பெரும்பாலோர் முதலில் சொல்லும் பெயர் ஸ்டோரிவீவர். பெங்களூரைச் சேர்ந்த லாப நோக்கற்ற பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015 செப்டம்பர் 8 அன்று, உலக எழுத்தறிவு நாளில், தொடங்கிய இந்த இணைய நூலகம் இன்று 300-க்கும் மேற்பட்ட மொழிகளில் படநூல்களைக் கட்டணமின்றித் தருகிறது. எழுத்துக்கூட்டி வாசிக்கும் குழந்தையை நூலின் பக்கம் இழுக்க இது எவ்வளவு உதவுகிறது என்பதைப் பலர் எழுதிவிட்டார்கள். அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. இந்த மதிப்புரையில் நான் ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒரு தகவல் கட்டுரையை எழுதியவர் தம்மிடம் இருந்த செய்திகளை எந்த முறையில் அடுக்கியிருக்கிறார் என்பதை நான்காம் வகுப்பு முதல் ஆறாம் வகுப்பு வரையுள்ள குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுக்க ஸ்டோரிவீவர் பயன்படுமா? சனிக்கிழமைகளில் ஒரு கிராமத்து நூலகத்தில் வாசிப்பு வகுப்பு நடத்துகிறவள் என்ற முறையில் இந்தக் கேள்விக்கு விடை தேடி அந்தத் தளத்தை நெடுநாள் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன்.

இந்தத் திறன் ஏன் வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் பெற்றோர் பலரும் இதை ஏதோ மேல்வகுப்புப் பாடம் என்று நினைக்கிறார்கள். நம் பள்ளித் தேர்வுத்தாள்களில் 'வேறுபடுத்துக', 'காரணம் கூறுக', 'வரிசைப்படுத்துக', 'சிறுகுறிப்பு வரைக' என்று கேட்கும்போதெல்லாம், தெரிந்த தகவலை ஒரு குறிப்பிட்ட அமைப்பில் தரும்படிதான் குழந்தையைக் கேட்கிறோம். 'வேறுபடுத்துக' வினாவின் விடைகளைத் திருத்திய ஆசிரியர் எவருக்கும் ஒரு காட்சி பழகியிருக்கும். நடுவில் கோடு போட்டு இரண்டு பத்தி பிரித்திருப்பார்கள். இடப்பக்கத்தின் முதல் வரியில் தாவர செல்லுக்குச் செல்சுவர் உண்டு என்று இருக்கும், அதற்கு நேர் எதிரே வலப்பக்கத்தில் விலங்கு செல் அளவில் சிறியது என்று இருக்கும். இரண்டுமே சரியான தகவல்கள். மனப்பாடமும் சரியாகவே நடந்திருக்கிறது. ஆனால் சுவருக்கு எதிரே சுவரைப் பற்றிய செய்தி இல்லை, அளவுக்கு எதிரே அளவைப் பற்றிய செய்தி இல்லை. ஒப்பிடுதல் என்றால் இரண்டு பொருள்களையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்ப்பது என்பதை அந்தக் குழந்தைக்கு யாரும் காட்டிக் கொடுக்கவில்லை. பாடப்பகுதியிலேயே அந்த ஒழுங்கு இருந்தும் குழந்தையின் கண்ணில் அது படவில்லை.

இது ஆய்வுலகில் நன்றாக உழப்பட்ட நிலம். அமெரிக்க ஆய்வாளர் போனி மேயர் 1970-களிலிருந்து இதில் உழைத்தவர். விவரித்தல், வரிசை, காரணமும் விளைவும், சிக்கலும் தீர்வும், ஒப்பீடு என்ற ஐந்து அமைப்புகளாகத் தகவல் எழுத்தைப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் பெரிதும் அவருடைய பணியிலிருந்து வந்தது. ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் அவரும் உடன் ஆய்வாளர்களும் நடத்தி 1980-இல் வெளியிட்ட ஆய்வில், வாசித்ததை நினைவிலிருந்து எழுதும்போது மூல ஆசிரியரின் அமைப்பையே பின்பற்றியவர்கள் கூடுதலான செய்திகளை நினைவில் வைத்திருந்தது தெரிந்தது. இன்னும் சிறிய குழந்தைகளுக்கு இது எட்டுமா என்ற ஐயத்துக்கு, கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் பணியாற்றிய ஜோனா வில்லியம்ஸ் இரண்டாம் வகுப்புக் குழந்தைகளிடமே விடை கண்டார். பாலூட்டி, பறவை, மீன், ஊர்வன, இருவாழ்வி என்ற ஐந்து முதுகெலும்பிப் பிரிவுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒப்பீட்டு அமைப்பை வெளிப்படையாகக் கற்பித்தபோது, அந்தக் குழந்தைகள் அதே அமைப்பில் எழுதப்பட்ட புதிய பத்திகளையும் புரிந்துகொண்டார்கள் என்பதும், அமைப்புக்கு நேரம் கொடுத்ததால் பாடச் செய்தியைக் கற்பதில் இழப்பு ஏற்படவில்லை என்பதும் 2005-இல் வெளிவந்த அவர் ஆய்வின் முடிவுகள். நம் மரபிலும் இதற்கு வேர் உண்டு. நன்னூலின் பொதுப்பாயிரம் எண்ணிச் சொல்லும் 32 உத்திகளில் 'தொகுத்துச் சுட்டல்', 'வகுத்துக் காட்டல்' என்பவற்றைப் படிக்கும்போதெல்லாம், நூல் எழுதுகிறவர் செய்தியை அடுக்கும் முறைக்குத் தனிப் பெயர் வைத்து யோசித்தவர்களின் பிள்ளைகள் அதைப் பள்ளியில் கேள்விப்படாமலேயே வளர்கிறார்களே என்ற ஆதங்கம் எனக்கு வரும்.

இனி நூலகத்துக்குள் போவோம். ஸ்டோரிவீவரில் மொழி, வகை, பதிப்பகம், வாசிப்பு நிலை என்று வடிகட்டித் தேடலாம். வாசிப்பு நிலைகள் நான்கு. முதல் நிலை நூல்கள் 250 சொற்களுக்கு உட்பட்டவை. இரண்டாம் நிலை 600 வரை. மூன்றாம் நிலை 1500 வரை. நான்காம் நிலை அதற்கும் மேல். ஒவ்வொரு நூலின் பின்னட்டையிலும் அது எந்த நிலைக் குழந்தைக்கானது என்ற விளக்கம் அச்சாகியிருக்கும். அது பெற்றோருக்குப் பெரிய உதவி. கதை அல்லாதவை, அறிவியல், வரலாறு, வாழ்க்கை வரலாறு என்ற வகைகளில் தமிழ் நூல்கள் இருக்கின்றன. நான் சொல்லும் வேலைக்கு மூன்றாம், நான்காம் நிலை நூல்களையே பார்க்க வேண்டும். அதற்குக் கீழே உள்ளவற்றில் ஒரு பக்கத்துக்கு ஒன்றிரண்டு வாக்கியங்கள்தான் இருக்கும் என்பதால் அமைப்பு என்று ஒன்று உருவாகப் போதிய இடம் கிடையாது.

நூல்கள் பொருளையும் மொழிக் கடினத்தையும் வைத்தே பிரிக்கப்பட்டிருக்கின்றன. எந்த அமைப்பில் எழுதப்பட்டவை என்பதற்கு அடையாளம் இல்லை. அந்த நோக்கத்துக்காக உருவாக்கப்படாத ஒரு நூலகத்தில் அதை எதிர்பார்க்கவும் கூடாது. எனவே ஒப்பீட்டுக்கு ஒரு நூல், காரண விளைவுக்கு ஒரு நூல் என்று எடுக்க நினைப்பவர் ஒவ்வொன்றையும் திறந்து வாசித்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். படநூல் வடிவத்தில் இருப்பதால் தகவல் நூல்களுக்கே உரிய உட்தலைப்பு, பொருளடக்கம், படவிளக்க வரி, சொற்பட்டியல் போன்றவையும் குறைவாகவே கிடைக்கும். உட்தலைப்பைப் பார்த்து அடுத்து என்ன வரும் என்று ஊகிக்கும் பயிற்சிக்கு வேறு இடம்தான் தேட வேண்டும்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. சிறுவர் தகவல் நூல்களில், இங்கும் வெளியிலும், ஒரு பழக்கம் பரவலாக உள்ளது. செய்தியை நேரே சொல்லாமல் ஒரு கதைக்குள் வைத்துச் சொல்வது. ஒரு சிறுமி பாட்டியிடம் ஏன் மழை வருகிறது என்று கேட்பாள், பாட்டி விளக்குவாள், நடுவில் ஆட்டுக்குட்டி ஒன்று தொலைந்து கிடைக்கும். குழந்தையை நூலில் நிறுத்திவைக்க இது நல்ல வழி என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வாசித்து முடித்த பிறகு 'இந்த நூல் எதைச் சொல்கிறது?' என்று கேட்டால், குழந்தைகள் பாட்டியையும் ஆட்டுக்குட்டியையும் பற்றிச் சொல்வார்கள். நீர் ஆவியாகி மேகமாகும் தொடர் அவர்கள் விடையில் இருக்காது. அவர்கள் மனம் கதையின் அமைப்பைத்தான் பற்றிக்கொண்டது. அது அவர்களுக்கு ஏற்கெனவே பழகிய அமைப்பு. தகவல் எழுத்தின் அமைப்பைத் தனியே காட்ட வேண்டுமானால் கதைச் சட்டை இல்லாத உரைநடை வேண்டும். குழந்தைகளுக்கு அத்தகைய எழுத்து குறைவாகவே கிடைப்பது நம் ஊர்க் குறை மட்டும் அன்று. அமெரிக்காவில் முதலாம் வகுப்புக் குழந்தைகளின் வகுப்பறைகள் சிலவற்றைக் கவனித்துக் கல்வி ஆய்வாளர் நெல் டியூக் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், தகவல் எழுத்துக்கு ஒரு நாளில் கிடைத்த நேரம் சராசரியாக 3.6 நிமிடம்தான்.

ஆகவே, இருக்கிற நூல்களை அப்படியே எடுத்து வாசிக்க வைத்துக் கட்டுரை அமைப்பைக் கற்பிக்க நினைப்பவருக்கு ஸ்டோரிவீவர் போதாது. ஆயினும் இந்த வேலைக்குத் தமிழில் இதற்கு இணையான கருவி வேறொன்று எனக்குத் தெரியாது என்றும் சொல்கிறேன். காரணம் அதன் உரிமம். இங்குள்ள நூல்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் கீழ் வெளியிடப்படுகின்றன. எழுதியவர், வரைந்தவர், பதிப்பித்தவர் ஆகியோரின் பெயரை முறையாகக் குறிப்பிட்டால் யார் வேண்டுமானாலும் நூலை மொழிபெயர்க்கலாம், எளிமையாக்கலாம், மாற்றி எழுதலாம், அச்சிடலாம். எழுதுவதற்கான கருவியும் படங்களின் சேமிப்பும் தளத்துக்குள்ளேயே இருக்கின்றன. கட்டுரை அமைப்பைக் குழந்தையின் கண்ணுக்குக் காட்ட எனக்குத் தெரிந்த மிக உறுதியான வழி, ஒரே செய்தியை இரண்டு மூன்று அமைப்புகளில் எழுதி அடுத்தடுத்து வைப்பதுதான். செய்தி மாறாமல் அடுக்கு மட்டும் மாறும்போதுதான் அடுக்கு என்று ஒன்று இருப்பதே குழந்தைக்குத் தெரிகிறது. அடுத்தவர் நூலை அப்படி மாற்றி எழுத வழக்கமான பதிப்புரிமை இடம் தராது. இங்கே இடம் உண்டு.

எங்கள் பக்கம் எல்லாக் குழந்தைக்கும் தெரிந்த கண்மாயை, அதாவது பாசன ஏரியை, எடுத்துக்கொண்டு நான் செய்ததைச் சொல்கிறேன். முதல் தாளில் இப்படி எழுதினேன்: "கண்மாய்க்கு மண்ணால் ஆன கரை உண்டு. கரையில் மடைகள் இருக்கும். அவற்றின் வழியே வயலுக்குத் தண்ணீர் போகும். கரையின் ஓரத்தில் கலுங்கு இருக்கும். மிகுதியான தண்ணீர் அதன் வழியே வெளியேறும்." இரண்டாம் தாளில்: "மழை பெய்ததும் வரத்துக்கால் வழியே கண்மாய்க்குத் தண்ணீர் வருகிறது. கண்மாய் நிறைந்ததும் கலுங்கு வழியே மறுகால் பாய்கிறது. மறுகால் தண்ணீர் அடுத்த கண்மாயைச் சேர்கிறது." மூன்றாம் தாளில்: "வரத்துக்காலில் வண்டல் படிந்து மேடிட்டதால் கண்மாய்க்குத் தண்ணீர் வரத்து குறைந்தது. மேலக்கண்மாய் நிறையாததால் மறுகால் பாயவில்லை. அதனால் கீழக்கண்மாயும் வறண்டது."

அமைப்பின் பெயர் எதையும் சொல்லாமல், ஒவ்வொரு தாளுக்கும் ஒரு படம் வரையச் சொன்னேன். முதல் தாளுக்கு எல்லாரும் ஒரே பெரிய படம் வரைந்து, கரை, மடை, கலுங்கு என்று கோடு இழுத்துப் பெயர் எழுதினார்கள். இரண்டாவதற்குப் பக்கம் பக்கமாக மூன்று படங்களும் நடுவில் அம்புக்குறிகளும் வந்தன. மூன்றாவதற்கு வரையத் தொடங்கிய ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வறண்ட கண்மாயை முதலில் வரைந்து, அங்கிருந்து பின்னோக்கி அம்பு போட்டு வரத்துக்கால் வரை போனாள். ஏன் பின்னாலிருந்து போகிறாய் என்று கேட்டதற்கு, "ஏன் வத்திப்போச்சுன்னு தானே டீச்சர் இதுல சொல்றாங்க, அதான்" என்றாள். காரண விளைவு அமைப்பைப் பற்றி நான் கொடுக்க நினைத்திருந்த விளக்கம் முழுவதும் அந்த ஒரு விடையில் இருந்தது. எழுதியவர் எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறார் என்று பார்ப்பதே அமைப்பைக் கண்டுபிடிக்கும் வழி என்பதை அன்றிலிருந்து எங்கள் வகுப்பின் முறையாக வைத்துக்கொண்டோம். அது எப்படி இருக்கிறது என்ற கேள்விக்கு விவரிப்பு விடை தருகிறது. எப்படி நடக்கிறது என்பதற்கு வரிசை. ஏன் என்பதற்குக் காரணமும் விளைவும். எதில் ஒத்தும் எதில் வேறுபட்டும் இருக்கின்றன என்பதற்கு ஒப்பீடு. என்ன தொல்லை வந்தது, அதற்கு என்ன செய்தார்கள் என்பதற்குச் சிக்கலும் தீர்வும்.

இந்த இடத்தில் தமிழுக்கே உரிய ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். அமைப்பைக் கற்பிக்கும் ஆங்கில வழிப் பொருள்களில் 'அடையாளச் சொற்கள்' என்ற பட்டியல் கட்டாயம் இருக்கும். அதை மொழிபெயர்த்து, 'ஏனெனில்', 'ஆகவே', 'ஆனால்', 'முதலில்', 'பிறகு' என்று அட்டை அடித்து வகுப்பறைச் சுவரில் ஒட்டிவிடுகிறோம். தமிழ் உரைநடையில் அந்தச் சொற்களை மட்டும் தேடும் குழந்தை பாதி இடங்களில் ஏமாந்துபோகும். 'மழை பெய்யாததால் கண்மாய் வறண்டது' என்ற வாக்கியத்தில் காரணத்தைக் காட்டும் அடையாளம் தனிச் சொல்லாக இல்லை. வினையின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'விதைநெல்லை ஊறவைத்து, வடித்து, சாக்கில் கட்டி முளைக்கவைத்து, நாற்றங்காலில் தூவுவார்கள்' என்பதில் 'பிறகு' என்ற சொல் ஓரிடத்திலும் வரவில்லை; வினையெச்சங்களே வரிசையைச் சொல்லிவிடுகின்றன. ஒப்பீட்டிலும் 'விட', 'போல' ஆகியவற்றோடு 'உம்' என்ற இடைச்சொல் சத்தமில்லாமல் பெரிய வேலை செய்கிறது: 'காகமும் குயிலும் மரத்தில் வாழ்கின்றன'. எனவே சொல்லைத் தேடுவதோடு நில்லாமல் சொல்லின் ஈற்றையும் பார்க்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். நான் குழந்தைகளை வாக்கியத்தின் வினைகளை மட்டும் வட்டமிட்டு, அவற்றின் கடைசி எழுத்துகளைச் சத்தமாகப் படிக்கச் சொல்வேன். 'பெய்தால்', 'பெய்ததால்' என்ற இரண்டையும் பலகையில் அருகருகே எழுதி, ஓர் எழுத்துக் கூடியதும் பொருள் எப்படி மாறுகிறது என்று கேட்டால், முதலாவது இன்னும் நடக்காததைப் பற்றியது, இரண்டாவது நடந்து முடிந்ததைப் பற்றியது என்று தாங்களே சொல்லிவிடுகிறார்கள். 'கத்தியால் வெட்டினான்' என்பதில் உள்ள 'ஆல்' காரணத்தைச் சொல்லவில்லை என்பதும் விரைவில் பிடிபடுகிறது. 'மழை பெய்து குளம் நிறைந்தது' என்பது மட்டும் அவர்களுக்குள் விவாதத்தைக் கிளப்பும். அது வரிசையா காரணமா என்பதற்கு அந்த வாக்கியத்துக்குள் விடை இல்லை, பத்தி முழுவதையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த விவாதத்தை நான் அவசரப்பட்டு முடிப்பதில்லை.

ஒப்பீட்டுக்கு ஸ்டோரிவீவரின் படச் சேமிப்பு மிகவும் கைகொடுக்கிறது. விலங்குகளும் பறவைகளும் அங்கே ஏராளம். காகத்தையும் குயிலையும் எடுத்துக்கொண்டு, முதலில் காகத்தைப் பற்றி ஒரு பத்தி, அடுத்துக் குயிலைப் பற்றி ஒரு பத்தி என்று ஒரு தாள் எழுதினேன். நிறம், உணவு, கூடு, முட்டை என்று ஒவ்வொன்றிலும் இரண்டையும் சேர்த்துப் பேசுவதாக இன்னொரு தாள். ஆண் குயில் பளபளக்கும் கருப்பு, சிவந்த கண். பெண் குயில் பழுப்பு உடலில் வெண்புள்ளிகள். காகம் கிடைத்ததையெல்லாம் தின்னும், குயில் பெரும்பாலும் பழம் தின்னும். காகம் கூடு கட்டும், குயில் காகத்தின் கூட்டில் முட்டையிடும். முதல் தாளை வாசித்த சிலர் இது ஒப்பீடே இல்லை, இரண்டு விவரிப்புகள் என்று வாதிட்டார்கள். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. இரண்டு பத்திகளிலும் ஒரே கூறுகள் அதே வரிசையில் வருகின்றனவா என்று தேடிப் பார்த்த பிறகுதான் எழுதியவர் ஒப்பிடத்தான் நினைத்தார் என்பதை ஒப்புக்கொண்டார்கள்.

'வேறுபடுத்துக' வினாவுக்கு நான் மேலே சொன்ன குறையைச் சரிசெய்யும் வழியும் இங்கேதான் கிடைத்தது. தாளை நெடுக்காக இரண்டு பத்தியாகப் பிரிப்பதற்குப் பதில் மூன்று பத்தியாகப் பிரிக்கச் சொன்னேன். நடுப்பத்தியின் தலைப்பு 'எதைப் பற்றி'. அதை நிரப்பிய பிறகே இடமும் வலமும் எழுதலாம். நிறம் என்று நடுவில் எழுதியவர் இரண்டு பக்கமும் நிறத்தைத்தான் எழுத முடியும். ஒரு பக்கம் தகவல் இல்லையென்றால் அந்தக் கட்டம் வெறுமையாக நிற்கும். அந்த வெற்றிடத்தை நிரப்பக் குழந்தை பாடத்தைத் திரும்ப வாசிக்கப் போகிறது. தேர்வுத்தாளில் நடுப்பத்தியை விட்டுவிட்டாலும் பரவாயில்லை, மனத்தில் இருந்தால் போதும்.

சிக்கலும் தீர்வும் என்ற அமைப்பு ஐந்திலும் கடினமானது. அதற்குள் காரண விளைவும் வரிசையும் கலந்தே வரும் என்பதால் சிறிய குழந்தைகள் குழம்புவார்கள். ஆறாம் வகுப்புக்கு விட்டுவைப்பதே நல்லது என்பது என் கருத்து. உண்மையான கட்டுரைகள் எல்லாமே அமைப்புகளைக் கலந்துதான் எழுதப்படுகின்றன. அதனால் நானே எழுதிய தூய்மையான பத்திகளோடு நிறுத்தாமல் கலப்புக் கட்டுரைகளுக்கும் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. அங்கே முழுக் கட்டுரைக்கும் ஒரே பெயர் சூட்டச் சொல்லும் பயிற்சித்தாள்களை நான் பயன்படுத்துவதில்லை. 'இது எந்த அமைப்பு? சரியான விடையைத் தேர்ந்தெடு' என்று கேட்பது அமைப்பையும் இன்னொரு மனப்பாடப் பட்டியலாக்கிவிடும். அமைப்பைக் கண்ட குழந்தை அதை வைத்துக் குறிப்பு எடுக்க வேண்டும், தாளை மூடிவைத்துவிட்டு மற்றொருவருக்குச் சொல்லிக்காட்ட வேண்டும், தானும் ஒரு பத்தி எழுத வேண்டும். பெயர் சொல்வது அதற்கான வழியில் ஒரு படி, அவ்வளவுதான்.

கருவியின் நடைமுறைக்கு வருகிறேன். வாசிப்பதற்குக் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. எழுதவும் மாற்றி அமைக்கவும் கணக்கு வேண்டும். பக்கத்துக்கு ஒரு படம், அருகில் அல்லது கீழே உரை என்ற வடிவமைப்பு எளிமையானது. கணினியில் பழகாத ஆசிரியரும் ஓர் அமர்வில் பிடித்துக்கொள்ளலாம். கைப்பேசியில் வாசிப்பது வசதி, எழுதுவது அவ்வளவு வசதியாக இல்லை. எழுதக் கணினியில் உட்காருவதே மேல். எழுதியதை வரைவாக வைத்துக்கொள்ள முடியும் என்பதால், வகுப்பில் பயன்படுத்திப் பார்த்துத் திருத்திய பிறகு வெளியிடலாம். வெளியிட்டால் அதுவும் அதே திறந்த உரிமத்தில் பொதுச் சொத்துப்போல எல்லாருக்கும் போய்ச் சேரும். எனவே செய்திகளைச் சரிபார்க்காமல் வெளியிடக் கூடாது. படங்களைப் பற்றி ஒரு குறை: அவை கதைகளுக்காக வரையப்பட்டவை, மனநிலையையும் நிகழ்ச்சியையும் அழகாகக் காட்டுபவை. ஒரு பொருளின் பாகங்களைக் குறித்துக் காட்டும் விளக்கப்படம் வேண்டுமென்றால் பெரும்பாலும் நாமே வரைய வேண்டியிருக்கும். கலுங்கின் படத்துக்கு நான் தேடி அலுத்து, கடைசியில் குழந்தைகள் வரைந்ததையே பயன்படுத்தினேன். அது இன்னும் நன்றாகவே இருந்தது. நூல்களை இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம் என்பதால் இணைய இணைப்பு இல்லாத நூலகங்களுக்கும் இது ஏற்றது. ஆனால் முழுப்பக்க வண்ணப் படங்களை அப்படியே அச்சிட்டால் மை செலவு ஏறும். அமைப்பைக் கற்பிக்கும் தாள்களுக்கு உரையை மட்டும் கருப்பு வெள்ளையில் அச்சிடுவது போதும், படம் பார்த்து ஊகிப்பதையும் அது தவிர்க்கும்.

இதற்கு மாற்றாகவோ துணையாகவோ வேறு என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: கதைச் சட்டை இல்லாத தமிழ் அறிவியல் கட்டுரைகளுக்கு, தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் நடத்திவரும் துளிர் மாத இதழை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். கலப்பு அமைப்புக் கட்டுரைகளுக்கு அது நல்ல இடம். மேல் வகுப்புக் குழந்தைகளுக்கு மிகவும் பொருந்தும். ஆங்கிலத்தில் வாசிக்கும் குழந்தைகளுக்கு ரீட்வொர்க்ஸ் என்ற அமெரிக்க லாப நோக்கற்ற தளம் கட்டணமின்றித் தகவல் பத்திகளையும் அவற்றுக்கான வினாக்களையும் தருகிறது. அங்கே பத்திகள் எழுதித் தயாராக இருக்கின்றன என்பது பெரிய நன்மை. ஆனால் முதல் மொழி தமிழாக இருக்கும் குழந்தைக்கு இந்தத் திறனைத் தமிழில் தொடங்குவதே முறை. மொழிச் சுமையும் அமைப்புச் சுமையும் ஒரே நேரத்தில் ஏறினால் எதனால் தடுமாறுகிறது என்பதே ஆசிரியருக்குத் தெரியாமல் போய்விடும்.

வீட்டில் ஒரு குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்க விரும்பும் பெற்றோர் ஸ்டோரிவீவரில் பெரிய ஏற்பாடு எதுவும் செய்ய வேண்டியதில்லை. மூன்றாம் நிலை அறிவியல் நூல் ஒன்றைக் குழந்தையோடு சேர்ந்து வாசித்து, அதில் உள்ள செய்திகளை மட்டும் துண்டுத் தாள்களில் ஒரு வரிக்கு ஒன்றாக எழுதி, அவற்றைத் தரையில் பரப்பி, ஏன் என்று கேட்பவருக்குச் சொல்வதானால் எப்படி அடுக்குவாய், எப்படி நடக்கிறது என்று கேட்பவருக்கு எப்படி அடுக்குவாய் என்று கேட்டுப் பார்க்கலாம். ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஒரே பொருளை இரண்டு அமைப்புகளில் எழுதிய தாள்களை நீங்களும் உருவாக்கினால், அவற்றை இதே தளத்தில் வெளியிடுங்கள். நூலின் தலைப்பிலோ அறிமுக வரியிலோ 'ஒப்பீடு', 'காரணமும் விளைவும்' என்று அமைப்பின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். அப்படி எழுதினால் அடுத்து வரும் ஆசிரியர் அந்தப் பெயரைத் தேடலில் இட்டே தாளைக் கண்டுபிடித்துவிடுவார். மாற்றி எழுதிய நூலாக இருந்தால், கடைசிப் பக்கத்தில் மூல ஆசிரியர், ஓவியர் பெயர்கள் விடுபடாமல் இருக்கின்றனவா என்று ஒரு முறை பார்த்துவிட்டு வெளியிடுங்கள்.